பாத்துக்கலாங்க

பிப்ரவரி 17, திங்கள்

கல்லூரிக்கு ஆங்கிலத்தில் ஒரு நாட்குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். 'இன்று நான் கற்ற திறன்' என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். அதில் உண்மையை எழுத முடியுமா? இன்று நான் கற்ற திறன், ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கினால் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பது. ஆகவே இது எனக்கு மட்டும், தமிழில்.

தொலைந்து போனால் திருப்பிக் கொடுக்க வசதியாகப் பெயரை எழுதி வைக்கிறேன்: செண்பகவல்லி, பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு, சொந்த ஊர் கோவில்பட்டி. படிப்பது கோயம்புத்தூரில். இப்போது ஆறு வார இன்டர்ன்ஷிப்புக்குத் திருப்பூர். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கே பனியன் தைத்து வாங்கி அனுப்பும் அலுவலகம். மேலதிகாரி சாந்தாமணி மேடம். முழுப் புடவையையும் ஒரே ஊக்கில் அடக்கிக் குத்தியிருப்பார், பேச்சும் அப்படித்தான்.

ஆறு வாரம் முடிந்ததும் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். வந்திருப்பது இரண்டு பேர். இன்னொருவன் திலீபன், காங்கேயம் பக்கம். என் கல்லூரி இல்லை. என்னைப் பார்த்ததும் "வாங்க, உக்காருங்க" என்று அவன் நாற்காலியையே கொடுத்தான். போட்டியாளனுக்கு நாற்காலி கொடுக்கிறவனிடம் பயப்பட என்ன இருக்கிறது?

எனக்கு இந்த வேலை வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அப்பாவுக்குக் கடலைமிட்டாய்க் கடை. "படி, நல்லா படி. முடிச்சுட்டு வந்து கல்லாவுல உக்காரு" என்பதுதான் மூன்று வருடமாக அவர் பேச்சு. நானோ சினிமாவுக்குப் போனாலே இடைவேளைக்கு முன் நாலு தடவை எழுந்திருக்கிறவள். மே மாதத்துக்குள் வேலை ஆர்டர் கையில் இருந்தால் கட்டாயப்படுத்த மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பா வாக்கு மாறமாட்டார். ஆர்டர் இல்லாவிட்டாலும் மாறமாட்டார், அதுதான் சிக்கல்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே மெயில் ஐடி. அவன் சனிக்கிழமையே வந்துவிட்டானாம், அதனால் எந்த மெயில் போனாலும் கீழே அவன் பெயர்தான் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கம்ப்யூட்டர் பார்க்கும் ஆளிடம் மாற்றச் சொன்னேன். "அடுத்த வாரம்" என்றார். என் இங்கிலீஷ், அவன் பெயர். எரிச்சலாக வருகிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று முழுக்க போன். தையல் யூனிட், காஜா அடிக்கிற இடம், பிரிண்டிங் பட்டறை என்று ஒவ்வொருவரிடமும் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். நான் வழக்கம்போல "அண்ணாச்சி, எப்ப முடியும்?" என்று ஆரம்பித்தேன். பிரிண்டிங் பட்டறை சென்னியப்பன் அந்தப் பக்கம் சிரிக்கிறார். "அண்ணாச்சிங்களா? நம்ம பட்டறைய மளிகைக் கடையாக்கிப் போட்டீங்களே அம்மிணி!" ஆபீஸ் முழுக்க ஒரே சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்ய.

திலீபன் போன் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கால் தானாக ஆடுகிறது. "சாப்டீங்ளா, மாமா? அங்க மழைங்களா? பாப்பாவுக்குக் காச்சல் எப்படி இருக்குதுங்?" இத்தனையும் முடிந்த பிறகுதான் பனியன். அதற்குள் நான் நாலு பேரிடம் பேசி முடித்து டீயும் குடித்துவிட்டேன்.

மார்ச் 1, சனி

திறன் வளர்ப்பு வகுப்புக்காக கோயம்புத்தூர் போய் வந்தேன். பெங்களூரிலிருந்து வரும் பயிற்சியாளர் இன்று பலகையில் 'இருக்கலாம்', 'நினைக்கிறேன்', 'முயற்சி செய்கிறேன்' எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி ஒவ்வொன்றாக அடித்தார். தொழில் கடிதத்தில் இந்த வார்த்தைகள் வந்தால் படிக்கிறவனுக்கு நம்பிக்கை போய்விடுமாம். உறுதியான வினைச்சொல்லில் தொடங்கு, உறுதியான தேதியில் முடி என்றார். பிறகு மாதிரி நேர்முகம். நான்தான் முதல். 'இந்தப் பெண்ணிடம் தயக்கம் என்பதே இல்லை' என்று மைக்கில் சொன்னார்.

திருப்பூர் ஹாஸ்டலுக்குத் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன், இடம் இருந்தும்.

மார்ச் 4, செவ்வாய்

பட்டன். காலையிலிருந்து மாலை வரை பட்டன் எண்ணினேன்.

மார்ச் 10, திங்கள்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும், கை ஓடுகிறது.

மேடம் காலையிலேயே தையல் யூனிட்டுக்குப் போய்விட்டார். மதியம் திலீபன் என் மேஜைக்கு வந்து தலையைச் சொறிந்தான். குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டாம், அவன் தாய்மாமன் வீட்டு விசேஷமாம். "மேடத்துகிட்டக் கேட்டா விட மாட்டாங்க. சித்த சமாளிச்சுக்கோங்க, நாளைக்குக் காலைல வந்துருவேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் மேடம் போன் செய்தார். "திலீபன் இருக்கானா?" நான் யோசிக்கவேயில்லை. "சீட்லதான் இருக்கார் மேடம், கம்ப்யூட்டர்ல வேலையா இருக்கார்." எனக்கே ஆச்சரியம், அவ்வளவு சரளமாக வந்தது.

அடுத்து டென்மார்க்கிலிருந்து மெயில். அங்கே எங்கள் சரக்கை வாங்குகிறவர் கிறிஸ்டின். குழந்தைகள் பனியனில் போடும் யானைப் படத்துக்குப் பழைய மை வேண்டாம், தண்ணீர் கலந்த மையில்தான் அச்சடிக்க வேண்டும் என்கிறார். வியாழக்கிழமை சரக்கைச் சோதிக்க ஆள் வருகிறார், புதன்கிழமைக்குள் முடியுமா, முடியாவிட்டால் சோதனையையும் கப்பலையும் தள்ளிப்போட இன்றே சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். மேடம் போனை எடுக்கவில்லை. தையல் ஓடும் சத்தத்தில் எங்கே கேட்கும்!

நானே சென்னியப்பனைக் கூப்பிட்டேன். "புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள புது மையில அடிச்சுக் குடுத்துருவீங்களாண்ணே?"

கொஞ்சம் மூச்சு விட்டார். "பாத்துக்கலாங்க அம்மிணி."

அவ்வளவுதான், எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். உடனே கிறிஸ்டினுக்கு எழுதினேன். 'புதன்கிழமை உறுதி செய்யப்பட்டது' என்ற முதல் வரியை மட்டும் மூன்று முறை திருத்தினேன். 'இருக்கலாம்' இல்லை, 'முயற்சி' இல்லை. அனுப்பிவிட்டு ஆபீஸை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். கீழே திலீபன் பெயர் போயிருக்கும். போகட்டும், மேடத்திடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

மேடம் இன்றும் யூனிட்டில். சொல்ல நேரம் வாய்க்கவில்லை. திலீபன் வந்து, பிரசாதம் என்று இலையில் சுற்றிய பொங்கல் கொடுத்தான்.

மார்ச் 12, புதன்

காலையில் சென்னியப்பனுக்கு போன் செய்தேன். ஸ்கிரீன் இன்னும் வரவில்லை, மை ஈரோட்டிலிருந்து வர வேண்டும், ஆளும் இல்லை என்கிறார்.

"நீங்கதான பாத்துக்கலாம்னு சொன்னீங்க?"

"ஆமாங். பாக்கலாம்னுதானுங்க சொன்னேன்."

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே!"

"கேட்ட ஒடனே மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு எப்படீங்க சொல்றது?" மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார். நான்தான் ஏதோ மரியாதை இல்லாமல் கேட்டுவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் ஊரில் முடியாது என்றால் முடியாது என்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் மரியாதையாலேயே ஆளைக் கொன்றுவிடுவார்கள்.

மார்ச் 13, வியாழன்

சோதனைக்கு வந்தவர் பெட்டியைத் திறந்தார். யானை இல்லாத வெறும் பனியன்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். கப்பலும் போய்விட்டது.

மேடம் கிறிஸ்டினுக்குப் போன மெயிலைப் பிரிண்ட் எடுத்து வந்து எங்கள் இருவர் நடுவிலும் வைத்தார். "எவனக் கேட்டுப்போட்டு உறுதின்னு எழுதுன, திலீபா?" கீழே அவன் பெயர். அவன் பேப்பரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் எழுதவில்லை என்று சொன்னால், அந்த நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். வாயைத் திறக்காமல் நின்றான். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் இல்லை.

எல்லாம் ஒரு நிமிடத்தில் நடந்துவிட்டது. இடையில் புகுந்து பேச யாருக்கு நேரம் இருந்தது?

மார்ச் 14, வெள்ளி

துவைக்க வேண்டிய துணி மலைபோல் கிடந்தது, எல்லாவற்றையும் துவைத்தேன். ஹாஸ்டல் சாம்பாரில் இன்று முருங்கைக்காய் இருந்தது, எனக்கு ஒரு துண்டு கூட வரவில்லை.

திலீபன் வரவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேடம் நேற்று மாலையே சொல்லிவிட்டாராம்.

அவனும் செய்தது தப்புதானே? வேலை நேரத்தில் கிடாவெட்டுக்குப் போவது தப்பில்லையா?

மார்ச் 17, திங்கள்

எனக்கு இரண்டு பேர் வேலை. இரண்டு பேர் வேலையும் ஒரு ஆளாகச் செய்கிறேன் என்று மேடம் இன்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லை. மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவு அக்கா, "உடம்பு இளைக்கப் பண்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போனில் திலீபனின் மாமாக்கள், அண்ணன்கள் எல்லோரும் "தம்பி இல்லைங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

மார்ச் 19, புதன்

அம்மா போன்.

"ஏ வல்லி, பங்குனித் தேருக்கு வாரியா?"

"பாத்துக்கலாம்மா."

"அப்ப வரமாட்ட."

"வரமாட்டேன்னா சொன்னேன்?"

"வாரவ, வாரேம்மான்னுல்ல சொல்லுவா. ஒன்னயப் பெத்தவளுக்குத் தெரியாதாக்கும். சரி, ஒங்க அப்பாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

வராந்தாவில் அப்படியே நின்றுவிட்டேன். அட சண்டாளி! அந்த வார்த்தை இந்த ஊர் வார்த்தையே இல்லை. பல் டாக்டரிடம் போகச் சொன்னால், பெரியப்பா வீட்டுக்குப் போகச் சொன்னால், கல்லாவைப் பற்றி அப்பா பேச்செடுத்தால், வருடக்கணக்காக அம்மாவிடம் நான் சொல்வது அதுதான். சென்னியப்பன் என்ன சொன்னார் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'எப்படிப் பாத்துக்குவீங்க, மை இருக்கா, ஆள் இருக்கா?' என்று அடுத்த கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் பதில் மாறிவிடுமோ என்று பயந்துதான் போனை வைத்தேன். இங்கிலீஷ் நன்றாக வருகிறது என்ற திமிர். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். ஆனால் கதை வேறு மாதிரி போய்விட்டது.

மேடத்தின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "அந்த மெயில எழுதுனது நான்தான் மேடம்" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் முகம் மெல்ல இளகியது.

"உக்காரு அம்மிணி. எத்தன நாளா?"

"என்ன மேடம்?"

"அவனும் நீயும்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம்!"

"நானும் இந்த வயசத் தாண்டித்தானே வந்திருக்கறேன். அவனுக்காகப் பழியத் தலைல போட்டுக்காத. அன்னைக்கு அவன் சீட்லதான் இருந்தான்னு நீயேதான போன்ல சொன்ன? கம்ப்யூட்டர்ல வேலையா இருக்கான்னு?"

அவன் அன்றைக்கு ஆபீஸிலேயே இல்லை என்று சொன்னால்தான் என்னை நம்புவார். சொன்னால் அவனை இன்னொரு தடவை மாட்டிவிட்ட மாதிரி. "இல்ல மேடம்... வந்து..." என்று உளறினேன். தயக்கமே இல்லாத பெண்ணாம்!

"நல்ல மனசு உனக்கு. அது இந்தத் தொழிலுக்கு ஆகாது, பரவால்ல, கத்துக்குவ" என்று டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

ஆபீஸ் முழுக்கத் தெரிந்திருக்கிறது. கணக்குப் பிரிவு அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். உண்மையைச் சொல்லிக் காதல் கதை வாங்கி வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 24, திங்கள்

வேலை ஆர்டர் தயாராகிறது. மேடமே சொன்னார், வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிவிடுமாம்.

அப்பாவிடம் சொல்லத் துடிக்கிறது. போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். நான் உண்மையைச் சொன்னேன், அவர்கள் நம்பவில்லை, இனி நான் என்ன செய்ய முடியும்? இதையே காலையிலிருந்து வேறு வேறு மாதிரி எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். எப்படிச் சொன்னாலும் ஒட்டவில்லை.

திலீபனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 26, புதன்

கிறிஸ்டினுடன் வீடியோ பேச்சு. ஆர்டரையே வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களோ என்று மேடத்துக்கு பயம். "உனக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு, நீயே பேசு" என்று, என்ன சொல்ல வேண்டும் என்பதைக் காலையில் விளக்கினார். புது மையில் வேலை தொடங்கிவிட்டது என்று சொல். இனி இப்படி நடக்காது என்று சொல். தப்புச் செய்தவரை வேலையை விட்டு எடுத்துவிட்டோம் என்று சொல்.

முதல் இரண்டையும் சொன்னேன். மூன்றாவது வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது, இலக்கணப் பிழை இல்லாமல். 'அந்தத் தப்புக்குப் பொறுப்பானவர்' என்பது வரை ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. 'நான்தான்' என்று முடித்தேன். 'பெயர் வேறொருவருடையது, மெயில் என்னுடையது. இவர்களை நம்பவைக்க எனக்குத் தெரியவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.'

பக்கத்தில் மேடத்தின் வளையல் மேஜையில் இடித்தது.

கிறிஸ்டின் கோபப்படவில்லை. குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, 'அச்சடிப்பவர் உங்களிடம் என்னதான் சொன்னார்?' என்று கேட்டார்.

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? 'வீ வில் சீ' என்றேன். இல்லை, அது போதவில்லை. 'வீ வில் சீ டு இட்' என்றேன். அதுவும் இல்லை. இரண்டும்தான் என்றேன். எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை, நான் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன் என்றேன். மூன்று வருடப் பயிற்சியும் எங்கே போனதோ தெரியவில்லை.

'சரி, இந்தத் தடவை எந்தத் தேதி?'

'எனக்குத் தெரியாது. பட்டறைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, மாலைக்குள் எழுதுகிறேன்.'

'நல்லது' என்றார். அதற்குள் மேடம் மைக்கை அணைத்துவிட்டார்.

வெயிலில் ஓடினேன் பட்டறைக்கு. ஸ்கிரீனைப் பார்த்தேன், மை டின்னைப் பார்த்தேன், அடித்து முடித்த பனியன்களைத் தொட்டுப் பார்த்தேன். திங்கள் என்று சென்னியப்பன் சொன்னார். நான் நகராமல் நின்றேன். "செவ்வாய்னு போட்டுக்குங்க அம்மிணி" என்றார். செவ்வாய் என்று எழுதினேன்.

மார்ச் 27, வியாழன்

மேடம் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

"அன்னைக்கு அவன் எங்க இருந்தான்?"

"அத அவர்கிட்டத்தான் கேக்கணும் மேடம். சீட்ல இருந்தார்னு நான் சொன்னது பொய்."

"தப்பா எழுதுனத மன்னிச்சுப் போடுவேன். எல்லாரும் எழுதறதுதான். என்கிட்டப் பொய் சொன்னயே, அதையுங்கூட விட்டுர்றேன். வாங்கறவங்க முன்னாடி நம்ம வீட்டு அழுக்கத் தொவச்சபாரு, அத என்னால மறக்க முடியாது."

"நான் ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னேன் மேடம். நீங்க நம்பல."

"நம்பற வரைக்கும் என்கிட்டயே சொல்லியிருக்கோணும். பத்துத் தடவ சொல்லு. கத்து. அழு. அங்க போயி ஏன் சொன்ன?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். இவரிடம் ஒரு தடவை சொன்னேன், டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன். எத்தனை சௌகரியமாக விட்டேன்!

திலீபனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். வேலை அவனுக்கு.

ஹாஸ்டலுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். வேலைக்காகத்தான் அழுதேன், மனசாட்சிக்காக இல்லை. மேடம் சொல்லிக்கொடுத்த அந்த மூன்றாவது வாக்கியம், அதை மட்டும் சொல்லியிருந்தால் வேலை என்னுடையது. ஆசையாக இருந்ததே, சொல்லிவிடத்தான் ஆசையாக இருந்ததே.

மார்ச் 28, வெள்ளி

கடைசி நாள். திலீபன் வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. நான் அவன் மேஜைக்குப் போய் நின்றேன். இந்தத் தடவை அவன் நாற்காலி கொடுக்கவில்லை.

"ஸாரி திலீபன்."

"அன்னைக்கு நான் உங்க மூஞ்சியப் பாத்தனுங்க. சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வேல போனதுலருந்து எங்கப்பா என்கூடப் பேசறதில்ல. வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நீங்க சொன்னது பெரிய தகிரியம்னு இங்க எல்லாரும் பேசிக்கறாங்க. எனக்கு அப்படித் தோணலைங்க."

"எனக்கும் தோணல" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்தான். "சாப்டீங்ளா, மாமா?" என்று ஆரம்பித்தான்.

கல்லூரி நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தை நிரப்பவில்லை. நிரப்பாவிட்டால் மதிப்பெண் குறையுமாம், குறையட்டும்.

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். கடைச் சத்தம் கேட்டது, யாரோ அரைக் கிலோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, வேலை கிடைக்கல. எனக்குத்தான் வர வேண்டியது, என் தப்பால போச்சு. என்ன தப்புன்னு நேர்ல வந்து சொல்லுதேன்."

"ம்."

"பரீட்சை முடிஞ்சதும் கடைக்கு வாரேன். ஆனா நெலையா இல்லப்பா. மறுபடி வேலை தேடப் போறேன். அதுவரைக்கும்தான் கல்லாவுல இருப்பேன்."

கோபமா என்று தெரியவில்லை. தராசுத் தட்டை வைக்கும் ஒலி கேட்டது, அரைக் கிலோக்காரரை அனுப்பிவிட்டார் போலிருக்கிறது.

"எந்தத் தேதி வரைக்கும்?" என்று கேட்டார்.

கிண்டலா என்று பார்த்தேன். இல்லை, சரக்குப் போடுகிறவரிடம் கேட்கிற அதே குரல். ஏதாவது நழுவலாகச் சொல்லிவிட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பஸ் வந்து நின்றது, ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் அங்கேயே நின்று மனதுக்குள் பரீட்சைக்கு ஆகும் நாட்களைக் கூட்டினேன், விண்ணப்பங்களுக்கு ஆகும் நாட்களைக் கூட்டினேன், தீபாவளிச் சரக்குக்கு அவருக்கு எப்போது ஆள் வேண்டும் என்பதையும் கூட்டினேன்.

"ஆகஸ்ட் முப்பத்தொண்ணு வரைக்கும்பா."

"அதுக்குள்ள வேலை கெடைக்கலன்னா?"

"அப்பவும் போயிருவேன்."

"சரி" என்றார் அப்பா. "செப்டம்பர் ஒண்ணுல இருந்து வேற ஆளு பாத்துருதேன்." போனை வைத்துவிட்டார்.

அப்பா வாக்கு மாறமாட்டார். இனி நானும் மாற முடியாது.